முதல் மாரத்தானுக்குத் தயாராவது எப்படி? தோட்டத்து ஊர் ஓட்டக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இந்தத் தூரமே 1921இல் உலகத் தடகளச் சம்மேளனத்தால் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வாழ்பவருக்கு இதன் நீளத்தை விளக்க வரைபடம் தேவையில்லை. பழைய கூட்டரசு சாலை வழியாக ஈப்போவுக்குப் போய், அங்கிருந்து ஏறக்குறைய பாதி வழி திரும்பி வந்தால் ஒரு மாரத்தான் முடிந்திருக்கும்.

இவ்வளவு தூரத்தை ஓடி முடிக்கப் பிறவித் திறமை வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உடல் நலமுள்ள ஒருவர், வாரத்தில் நான்கு நாட்களை ஒதுக்கி, ஏறத்தாழ ஏழு மாத காலம் பொறுமையாகப் பயின்றால், இத்தூரத்தைக் கடந்துவிட முடியும் என்பதே என் உறுதியான கருத்து. நம் நாட்டில் முதல் மாரத்தானைப் பாதியில் கைவிடுபவர்களைக் கவனித்தால், பெரும்பாலோர் வலிமை போதாமல் நிற்பதில்லை; வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மதிக்காமல் தொடக்கத்தில் விரைந்து ஓடிவிட்டு நிற்கிறார்கள். ஆகவே மெதுவாக ஓடப் பழகுவதையே இந்த வழிகாட்டி முதன்மைப் பாடமாகக் கொள்கிறது.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எவருக்கும் நான் இசைவு தர மாட்டேன். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. நம் வீடுகளில் இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இல்லாத குடும்பத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். நாற்பதை நெருங்குபவர்கள், புகைப்பவர்கள், நெருங்கிய உறவினர் ஒருவரை இளம் வயதிலேயே மாரடைப்பில் இழந்தவர்கள் ஆகியோர் மாரத்தானுக்குப் பயிலப் போவதாக மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, இதயத் துடிப்பு வரைபடம் எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் மாரத்தான் ஓடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையைக் கீழிறக்கும் சில மாத்திரைகளை உண்பவர்களுக்கும் நீண்ட ஓட்டத்தின் நடுவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும் என்பதால், மருந்தின் அளவை மருத்துவரோடு கலந்து பேசித்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். பெண்கள் இரத்தச் சோகை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தும் நம் வழக்கம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

நேரமும் பாதையும்

பால்மரம் வெட்டியவர்கள் விடியும் முன்பே நெற்றி விளக்கோடு காட்டுக்குள் நுழைந்ததற்குக் காரணம், குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பது. ஓட்டக்காரருக்கும் அதே வேளைதான் உகந்தது. நம் ஊரில் நண்பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடுகிறது. விடியற்காலையில் அது 24 அல்லது 25 பாகையாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் மிக உயர்ந்திருப்பதால் வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். எனவே குளிர்ச்சியாகத் தோன்றும் காலையிலும் இதயம் அதிகமாகவே உழைக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டதால், நமக்குச் சூரியன் ஏழு மணிக்குப் பிறகே உதிக்கிறது. ஐந்து மணிக்கு ஓடத் தொடங்குபவருக்கு வெயிலில்லாத இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இது பெரிய வரம். அதே வேளையில் அந்த இரண்டு மணி நேரமும் இருட்டு என்பதால், நெற்றி விளக்கும், ஒளியைத் திருப்பி வீசும் பட்டை வைத்த மேற்சட்டையும் கட்டாயம் தேவை. பழைய கூட்டரசு சாலையில் இருட்டில் ஓட வேண்டாம். கனவுந்துகள் விரையும் அந்தச் சாலையில் ஓரப் பகுதி பல இடங்களில் மிகக் குறுகியது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் உட்சாலைகளும், லிந்தாங், ஜாலோங் பக்கம் போகும் சாலைகளின் அமைதியான பகுதிகளும் மேல். எங்கு ஓடினாலும் வண்டிகளை எதிர்நோக்கியபடி வலப்புறமாக ஓடுங்கள்.

தோட்டத்துச் செம்மண் சடக்கு கால்களுக்கு மிக நல்லது. தாரை விட மென்மையானது. சிறு ஏற்ற இறக்கங்கள் கெண்டைக்கால் தசையையும் கணுக்காலையும் வலுப்படுத்துகின்றன. ஆனால் அங்கு ஓடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடமோ காவல் சாவடியிலோ அனுமதி பெறுங்கள். பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் வேலைக்குச் செல்லும் நேரத்திலும், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் நேரத்திலும் ஒதுங்கி நில்லுங்கள். செம்பனையின் உதிரிப்பழங்கள் காலடியில் உருண்டு கணுக்காலைப் பிசகச் செய்யும். வெட்டிப் போட்ட மட்டையின் முள் காலணியையும் துளைக்கும். எலிகளைத் தேடி நாகம் வரும் இடம் என்பதால், வெளிச்சம் வந்த பிறகே செம்பனைக்குள் நுழைய வேண்டும். களைக்கொல்லி தெளிக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். வெள்ளம் வடிந்த பின் தேங்கிய நீரில் இறங்கி ஓடுவது எலிக் காய்ச்சலுக்கு வழி வைக்கும். காலில் சிராய்ப்பு இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

நாய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெரு நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்கி நடப்பதுதான் பாதுகாப்பு. ஒரே பாதையில் ஒரே நேரத்தில் தொடர்ந்து ஓடினால் சில வாரங்களில் நாய்கள் நம்மை அறிந்துகொள்ளும். பெண்கள் இருட்டில் தனியாக ஓடாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓட வேண்டும் என்பது என் வேண்டுகோள். பேராக் மாநிலத்தின் தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி 1966இல் பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவர் பிறந்த மாநிலத்திலேயே நம் பெண்கள் ஓட இடமில்லாமல், துணையில்லாமல் வீட்டில் இருந்துவிடக் கூடாது. குடும்பத்திலுள்ள ஆண்கள் முன்வந்து துணைக்கு ஓடலாம், மோட்டார் சைக்கிளில் பின்தொடரலாம்.

மாலையில் ஓடுபவர்கள் இடியைக் கவனிக்க வேண்டும். மின்னல் கண்ட முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்திற்குள் சென்று, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். மரத்தடி ஒதுங்குமிடம் ஆகாது. புகைமூட்டம் சூழும் மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட்டமே வேண்டாம். வீட்டுக்குள் தசைப் பயிற்சி செய்தால் போதும்.

ஐந்து கிலோமீட்டர் வரை

இதுவரை ஓடியதே இல்லை என்றால், முதல் எட்டு முதல் பத்து வாரங்களில் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடும் நிலையை அடைவதே இலக்கு. தமிழ்ப்பள்ளித் திடலைப் போல ஒரு திடல் இதற்குப் போதும். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதை அரை மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு வாரமும் ஓடும் பகுதியைச் சிறிது நீட்டுங்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். ஆர்வத்தில் தூரத்தைக் கூட்டுபவர்களின் முன்னங்கால் எலும்பு வலிப்பது இதனால்தான்.

அடுத்த இருபது வாரங்கள்

ஐந்து கிலோமீட்டர் கைவந்த பிறகு இருபது வாரப் பயிற்சிக்குள் நுழையலாம். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். அவற்றில் இரண்டு நாட்கள் நாற்பது முதல் ஐம்பது நிமிட எளிய ஓட்டம். ஒரு நாள் அதே கால அளவு, ஆனால் நடுவில் பதினைந்து இருபது நிமிடம் சற்று உழைப்பான வேகம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மாரத்தானை முடிக்கும் உடலை உருவாக்குவது இந்த நீண்ட ஓட்டமே. மற்ற நாட்களில் ஒன்று தவறினால் கவலைப்பட வேண்டாம், இதைத் தவறவிடாதீர்கள்.

அதன் தூரத்தை இவ்வாறு வளர்க்கலாம். முதல் நான்கு ஞாயிறுகளில் 8, 10, 12, பின்பு 9 கிலோமீட்டர். அடுத்த நான்கில் 13, 15, 16, 12. அதற்கடுத்து 18, 20, 21, 15. பின்பு 23, 25, 27, 18. பதினேழாம் ஞாயிறு 30 கிலோமீட்டர். அதற்குப் பிறகு 20, 12 எனக் குறைந்து, இருபதாம் ஞாயிறு போட்டி. நான்காவது வாரந்தோறும் தூரம் குறைவதைக் கண்டு சோம்பல் என்று எண்ண வேண்டாம். முந்திய மூன்று வார உழைப்பு உடலில் சேர்வது அந்த வாரத்தில்தான். 21 கிலோமீட்டர் வரும் வாரத்தில் ஈப்போ பக்கம் அரை மாரத்தான் ஏதேனும் நடந்தால் அதில் கலந்துகொண்டு, கூட்டத்தில் ஓடவும், ஓடியபடியே தண்ணீர் வாங்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

முழு 42 கிலோமீட்டரை முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழும். வேண்டாம். முப்பதுக்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தரும் பயனைவிட அதிலிருந்து தேற ஆகும் நாட்கள் அதிகம். முப்பது கிலோமீட்டரை முடிக்கும் முன்பே நான்கரை மணி நேரம் கடந்துவிட்டாலும் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வேகத்தை எப்படி அறிவது? அருகில் ஓடுபவரிடம் வீட்டுச் செய்தியை முழு வாக்கியங்களில், மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் அதுவே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் என்ன சொன்னாலும் இந்தச் சோதனைக்கே முதலிடம் கொடுங்கள், ஏனெனில் வெப்பம் கூடக் கூட அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கிறது. ஆறு மணிக்கு எளிதாக இருந்த வேகம் எட்டரை மணிக்குக் கடினமாகிவிடுகிறது. நடப்பதும் தோல்வியாகாது. நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையை முதல் கிலோமீட்டரிலிருந்தே கடைப்பிடிப்பவர்கள், களைத்த பின் வேறு வழியின்றி நடப்பவர்களைவிடப் பெரும்பாலும் நல்ல நிலையில் முடிக்கிறார்கள். முதல் மாரத்தானுக்கு இந்த முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.

தொழிற்சாலையில் மாறி மாறி வேலை நேரம் வரும் இளையோர் நம் ஊரில் பலர். இரவு வேலை முடிந்த காலையில் நீண்ட ஓட்டம் ஓடாதீர்கள். தூங்கி எழுந்து, விடுப்பு நாளில் ஓடுங்கள். குளிரூட்டிய அறையில் நாள் முழுதும் வேலை செய்பவரின் உடல் வெப்பத்துக்குப் பழகியிருக்காது. வெளியே தொடர்ந்து ஓடினால் பத்து முதல் பதினான்கு நாட்களில் பழகும். தைப்பூசம், தோட்டத்துக் கோயில் திருவிழா, தீபாவளி ஆகியவை எந்த வாரத்தில் வருகின்றன என்று பார்த்து, அந்த வாரத்தைக் குறைந்த தூர வாரமாக முன்பே அமைத்துக்கொண்டால் விரதமும் பயிற்சியும் மோதிக்கொள்ளா.

வாரத்தில் இரண்டு நாள், கால்மணி நேரம், படிக்கட்டில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகிய பயிற்சிகளைச் செய்யுங்கள். தசை முழுவதும் பரவிய வலி இரண்டு நாளில் ஆறும். எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், எலும்பில் நுண்விரிசல் ஏற்பட்டிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தண்ணீரும் உணவும்

நம் உடல் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2000 கலோரி. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2500 கலோரிக்கு மேல் வேண்டும். கொழுப்பும் எரிகிறது என்றாலும், விரைந்து ஓட ஓட மாவுச்சத்தே அதிகம் கரைகிறது. முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு பலருக்குக் கால் கல்லாகிப் போவதன் காரணம் இதுதான். தொடக்கத்தில் மெதுவாக ஓடுவதும், ஓடும்போதே உண்பதும் இதற்கான மருந்து.

நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. கடையில் விற்கும் ஜெல் பொட்டலத்திலும் ஏறக்குறைய அதே அளவு. பேரீச்சம்பழம் மலிவு, கெடாது, பையில் வைக்க எளிது. எதுவானாலும் நீண்ட ஓட்டங்களில் உண்டு பழகியதை மட்டுமே போட்டியில் உண்ண வேண்டும். ஓட்டத்துக்கு முன் நாசி லெமாக், ரொட்டி சானாய் போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் வேண்டாம். காயா எனும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, இட்லி, வாழைப்பழம் ஆகியவை எளிதில் செரிக்கும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஒரு நேரடியான வழி இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈர உடையின்றி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக ஒரு லிட்டர் நீர் வெளியேறியுள்ளது. பெரும்பாலோருக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லிலிட்டர் போதுமானது. எடை கூடியிருந்தால் அளவு மீறிக் குடித்திருக்கிறீர்கள். வெறுந்தண்ணீரை மிகுதியாகக் குடித்து இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்தானது. 100 பிளஸ் போன்ற உப்புக் கலந்த பானத்தையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிக் குடிப்பது நல்லது. ஐந்து அல்லது ஆறு கிலோமீட்டர் வட்டமாக வீட்டைச் சுற்றி வரும் பாதையை அமைத்து, வாசலில் போத்தல்களை வைத்துவிட்டால் எதையும் சுமக்க வேண்டியதில்லை.

காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, கட்டைவிரல் அகலம் முன்னால் இடம் விட்டு வாங்குங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அதன் மெத்தை தளரும். மழையில் நனைந்தால் வெயிலில் காய வைக்காமல் பழைய நாளிதழை உள்ளே திணித்து வையுங்கள். பருத்திப் பனியன் வியர்வையைப் பிடித்துத் தோலை அறுக்கும். தொடை இடுக்கு, அக்குள், மார்புக் காம்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும்.

போட்டியைத் தேர்வதும் சென்று சேர்வதும்

கோலாலம்பூர் மாரத்தானும் பினாங்குப் பாலம் மாரத்தானும் நம் நாட்டின் பெரிய போட்டிகள். முன்னதில் ஏற்ற இறக்கங்கள் மிகுதி, ஆனால் வழியெங்கும் ஆதரவு உண்டு. 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் ஓடுவது தட்டையானது, கடற்காற்றும் உண்டு, நடுப்பகுதி மட்டும் உயரும். முதல் முறை ஓடுபவர் நேர வரம்பைப் பார்த்தே பதிவு செய்ய வேண்டும். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்றால் ஐந்து மணி 38 நிமிடத்திலும், ஒன்பது நிமிடம் என்றால் ஆறு மணி 20 நிமிடத்திலும் முடிப்பீர்கள். பத்து நிமிடம் என்றால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். போட்டி எண்ணை முன்னதாகவே பெற வேண்டியிருப்பதால், கடைசி நேரப் பயணத்தைத் தவிர்த்து முந்திய நாளே ரயிலில் சென்று தங்குங்கள். விடியலுக்கு வெகு முன்பே ஓட்டம் தொடங்குவதால் அந்த இரவு தூக்கம் குறைவாகவே இருக்கும். அதற்கு முந்திய இரண்டு இரவுகளில் நிறைவாகத் தூங்கியிருந்தால் அது பாதிக்காது.

போட்டி நாள்

இரண்டு மணி நேரத்துக்கு முன் பழகிய உணவை உண்ணுங்கள். வலி நிவாரணி மாத்திரை எதையும் முன்கூட்டியே விழுங்காதீர்கள். உடல் நீரிழக்கும் வேளையில் புரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நில்லுங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரைத் திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு இருபது விநாடி மெதுவாக ஓடுங்கள். எல்லாரும் முந்திச் செல்வார்கள், செல்லட்டும். ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் நடந்தபடி குடித்து, மீதியைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, பசிக்காவிட்டாலும் உண்ணுங்கள்.

முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு மொத்தத் தூரத்தை எண்ணாமல் அடுத்த தண்ணீர் நிலையம் வரை மட்டும் எண்ணுங்கள். வெயில் ஏறத் தொடங்கும் இந்த நேரத்தில் உடலின் அறிகுறிகளைக் கவனிப்பது மிக முக்கியம். களைப்பும் கால்வலியும் இயல்பானவை. குளிர் நடுக்கம், புல்லரிப்பு, தள்ளாட்டம், இருக்கும் இடம் புரியாத குழப்பம், நெஞ்சு இறுக்கம் ஆகியவை இயல்பானவை அல்ல. இவற்றில் ஒன்று தோன்றினாலும் நின்று மருத்துவக் குழுவை அழையுங்கள். அருகில் ஓடுபவர் பிதற்றினால் அவரை நிழலில் அமர்த்தி, பனிக்கட்டியும் நீரும் கொண்டு உடனே குளிர்விக்க வேண்டும். வெப்பத் தாக்குதலில் நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன. அடுத்த ஆண்டும் போட்டி நடக்கும்.

முடித்த பிறகு

கோட்டைக் கடந்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள். பிறகு உப்பும் மாவுச்சத்தும் உள்ள உணவை உண்டு, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். அன்று நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கருத்திருந்தாலோ, பல மணி நேரமாக வராமலிருந்தாலோ, வாந்தியோடு தலைவலி கூடினாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் வாரத்தில் ஓட்டமே இல்லாமல் நடைப்பயிற்சி மட்டும் செய்யுங்கள். இரண்டாம் வாரத்தில் இருபது முப்பது நிமிட எளிய ஓட்டம் இரண்டு முறை போதும். படி இறங்கும்போது தொடைத் தசை வலிப்பது நிற்கும் வரை வேகப் பயிற்சி வேண்டாம்; ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே வழக்கமான நான்கு நாள் ஓட்டத்துக்குத் திரும்புங்கள்.